பனியை எடையிட்ட பேராசிரியர்

தமிழில் பனி என்னும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் துளியும் பனி. உதகையின் புல்வெளியை வெண்மையாக்கும் உறைபனியும் பனி. இமயத்தின் முடியில் காலங்காலமாகக் கிடப்பதும் பனி. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி மலைச்சரிவில் ஆளுயரத்திற்குக் குவியும் வெண்பனி நம் நிலத்திற்குப் பழக்கமானதன்று. ஆதலால் அந்தக் குவியலின் எடை எவ்வளவு என்னும் கேள்வி நம் உழவர்களுக்கு எழுந்ததில்லை. மழை குறைந்து, மலையில் பனி உருகிவரும் நீரை மட்டுமே நம்பி ஏர் பூட்டும் நாடுகளிலோ அக்கேள்வி ஓர் ஆண்டின் சோற்றைத் தீர்மானிக்கும் கேள்வியாகும். அமெரிக்க மேற்கு மாநிலங்களில் அதற்கு முறையான விடை கண்டவர் இலத்தீன் மொழி கற்பித்த ஒரு பேராசிரியர். ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச் என்பது அவர் பெயர்.

இலத்தீனும் மலையும்

சர்ச் 1869ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மிச்சிகன் மாநிலத்தின் ஹாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகளைப் பயின்று 1892இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரிலிருந்த பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பிக்கும் பணி கிடைத்தது. அன்றைய ரீனோ, சுரங்கத் தொழிலாலும் இருப்புப்பாதையாலும் வளர்ந்துகொண்டிருந்த சிறிய நகரம். ஏரிகளும் பசுமையும் நிறைந்த மிச்சிகனிலிருந்து வந்த இளைஞருக்கு அந்நிலம் முற்றிலும் புதியது. கிழக்கே கண்ணுக்கெட்டிய தொலைவு வறண்ட பாலை. மேற்கே சியாரா நெவாடா மலைத்தொடர். ஐக்கிய அமெரிக்க மாநிலங்களுள் மிகக் குறைந்த மழை பெறுவது நெவாடா. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரின் மீது ஏறும்போதே தன் ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதனிடம் கொடுப்பதற்கு மிகுதி ஏதும் இருப்பதில்லை.

சர்ச்சின் கல்வி ஆர்வம் மொழியிலேயே வேரூன்றியிருந்தது. ஜெர்மனிக்குச் சென்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1901இல் முனைவர் பட்டம் பெற்றார். உரோமானியர்களின் கல்லறைகளில் பொறிக்கப்பட்ட இலத்தீன் வாசகங்களின் மொழிநடையே அவருடைய ஆய்வுப்பொருள். கல்வெட்டு படிப்போர்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கல்லை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு சொல்வதில்லை. ஒரே தன்மையுடைய நூறு கற்களை அடுக்கி, எது வழக்கமான தொடர், எது வழக்கத்திலிருந்து விலகியது என்று பார்ப்பார்கள். பிற்காலத்தில் சர்ச் பனியைப் படித்த முறையும் ஏறத்தாழ அத்தகையதாகவே அமைந்தது.

ரீனோவின் தென்மேற்கில் ஏறத்தாழ 3,285 மீட்டர் உயரத்தில் நிற்பது ரோஸ் மலை. கோடையில் அதில் ஏறுவோர் உண்டு. குளிர்காலத்தில் ஏறுவதை ஊரார் அறிவீனமாகவே கருதினர். 1895ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சர்ச் அம்மலையின் உச்சியை அடைந்தார். குளிர்காலத்தில் அவ்வுச்சியை எட்டியதாகப் பதிவான முதல் ஏற்றம் அதுவே. அவர் அங்கு சென்றதற்கு அப்போது அறிவியல் நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மலையின் அழகே அவரை இழுத்தது. 1894இல் அவர் மணந்த புளோரன்ஸ் அம்மையாரும் அவருடன் பனிமலைகளில் ஏறினார். நீண்ட பாவாடையும் கம்பளிப் போர்வையும் அணிந்த பெண்கள் வீட்டை விட்டுப் பனியில் இறங்குவதே அரிதாக இருந்த காலத்தில் அவர் கணவருக்கு இணையாக நடந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மலையுச்சியில் ஓர் ஆய்வகம்

1905ஆம் ஆண்டு ரோஸ் மலையின் உச்சியில் சர்ச் ஒரு வானிலை ஆய்வகத்தை அமைத்தார். வெப்பத்தையும் காற்றையும் தாமே பதிவுசெய்யும் கருவிகள் அங்கு வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வு நிலையம் அப்பணியைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கருவிகளை வைத்தால் மட்டும் போதாது. குளிர்காலம் முழுவதும் யாரேனும் ஏறிச்சென்று பதிவுத் தாளை மாற்ற வேண்டும், கருவிகளில் உறையும் பனியைச் சுரண்ட வேண்டும். வாரநாள்களில் வகுப்பறையில் இலத்தீன் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு மலையேறினார்.

அந்நாளில் வேளாண் அறிஞர்களிடையே ஒரு விவாதம் நிலவியது. காடுகள் பனியைக் காக்கின்றனவா, அன்றி அழிக்கின்றனவா என்பதே அது. அடர்ந்த காட்டில் விழும் பனியில் ஒரு பகுதி மரக்கிளைகளிலேயே தங்கிவிடும்; வெயிலும் காற்றும் அதை அங்கேயே ஆவியாக்கிவிடும். மரமே இல்லாத வெட்டவெளியிலோ காற்று பனியை வாரிக்கொண்டு போகும். எஞ்சியது வெயிலில் விரைந்து உருகும். பல இடங்களில் அளந்து பார்த்த சர்ச், இடையிடையே சிறு வெளிகளைக் கொண்ட காடே பனியை நன்கு காக்கிறது என்று கண்டார். தேனடையின் அறைகளைப்போல் காட்டுக்குள் வெளிகள் பரவியிருந்தால், வெளியில் பனி தடையின்றி விழும். சுற்றியுள்ள மரங்கள் காற்றையும் வெயிலையும் தடுக்கும். இக்கருத்தை அவர் 1912இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

இவ்வாய்வில் இறங்கியபோதுதான் பெரும் இடர்ப்பாடு ஒன்று எதிர்ப்பட்டது. ஓரிடத்தின் பனியை மற்றோரிடத்தின் பனியோடு எப்படி ஒப்பிடுவது?

ஆழம் சொல்லும் பொய்

ஒரு கோலை ஊன்றிப் பனியின் ஆழத்தை அளப்பது எளிது. அக்காலத்தில் பலரும் அதையே செய்தனர். அதுவும் செய்யாமல், மலைமுகடு எவ்வளவு வெண்மையாகத் தெரிகிறது என்று பார்த்தே அவ்வாண்டு நீர்வளத்தைக் கணித்தோரும் உண்டு. ஆனால் ஆழம் ஏமாற்றும். புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் காற்றே. ஒரு கன மீட்டர் புதுப்பனியின் எடை 50 முதல் 100 கிலோகிராம் வரை இருக்கும். சில வாரங்கள் கிடந்து அமுங்கிய பனி 200 முதல் 300 கிலோகிராம் வரை எடையுள்ளது. காற்று அடித்து இறுக்கிய பனி இன்னும் கனமானது. வேனிலின் தொடக்கத்தில் நீர் ஊறிய பனி 400 முதல் 500 கிலோகிராம் வரை செல்லும். அதே ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். ஆகவே ஒரு மீட்டர் ஆழப் பனி என்று சொன்னால், அதற்குள் 5 சென்டிமீட்டர் நீரும் இருக்கலாம். 50 சென்டிமீட்டர் நீரும் இருக்கலாம். ஆழத்தை மட்டும் கேட்டு வயலுக்கு நீர் பங்கிட முற்படுவது, மூட்டையின் உயரத்தை மட்டும் பார்த்து நெல்லுக்கு விலை பேசுவது போன்றது. உள்ளே இருப்பது நெல்லா பதரா என்று தெரியாது.

எனவே எடையை அறிய வேண்டும். குழி தோண்டி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பனியை வெட்டி எடுத்து உருக்கி அளக்கலாம். மூன்று நான்கு மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒரு குழி தோண்டவே அரைநாள் ஆகும். கடுங்குளிரில் ஒரே நாளில் பத்து இடங்களில் அவ்வாறு செய்வது இயலாத செயல்.

சர்ச் உருவாக்கிய கருவி இன்று பார்க்க மிக எளியது. 1908, 1909ஆம் ஆண்டுகளை ஒட்டி அது வடிவம் பெற்றது. ரோஸ் மலைப் பனிக்குழாய் என்றே பெயரும் பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை அங்குல விட்டமுள்ள மெல்லிய எஃகுக் குழாய்; அடிமுனையில் பற்களுடைய வெட்டுவாய். குழாயைப் பனியின்மீது நிமிர்த்தி வைத்து, தரையைத் தொடும்வரை அழுத்தி இறக்க வேண்டும். இடையில் பனிக்கட்டி அடுக்கு குறுக்கிட்டால் குழாயைத் திருகினால் போதும். பற்கள் அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். வெட்டுவாய் குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே குறுகியது. அதனால் உள்ளே ஏறும் பனித்தூண் சுவரில் உராய்ந்து அடைபடுவதில்லை. குழாயை மெல்ல வெளியே எடுத்தால், மேற்பரப்பு முதல் தரை வரையுள்ள முழுப்பனியும் ஒரு தூணாக அதற்குள் நிற்கும். அதைச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த விட்டமுள்ள வட்டத்தின்மீது ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ ஓர் அவுன்சு. ஆகவே தராசு 35 அவுன்சு காட்டினால், அப்பனி உருகும்போது தரையின்மேல் 35 அங்குல நீர் நிற்கும் என்று உடனே சொல்லிவிடலாம். பனியின் ஆழம் 100 அங்குலமாக இருந்தால், நீரின் அடர்த்தியில் நூற்றில் 35 பங்கு அப்பனியின் அடர்த்தி என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உறைகுளிரில் கையுறையைக் கழற்றி நீண்ட கணக்குப் போட வேண்டியதில்லை. மலையில் நின்று வேலை செய்தவருக்கே தோன்றக்கூடிய எளிமை அது.

ஏரியைச் சுற்றிய பூசல்

கலிபோர்னியாவும் நெவாடாவும் பங்கிட்டுக்கொண்டுள்ள மலைநடுவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டாஹோ ஏரி. ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர் பரப்பும் 500 மீட்டர் ஆழமும் கொண்டது. அதிலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றே ஒன்று, அது டிரக்கி. ரீனோ வழியாகப் பாய்ந்து, பாலைநிலத்துப் பிரமிட் ஏரியில் சென்று முடிகிறது. கடலைச் சேராத ஆறு அது. 1905இல் டெர்பி அணை கட்டப்பட்டு, டிரக்கி நீரின் ஒரு பகுதி புதிய பாசன நிலங்களுக்குத் திருப்பப்பட்டது.

ஏரியின் வெளிவாயிலில் ஓர் அணை நின்றது. அதன் மதகைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் சிக்கல். நீரைத் தேக்கிவைத்துக் கோடை முழுவதும் சீராகத் தர வேண்டும் என்பது கீழ்நிலத்து உழவர்களின் விருப்பம். ஆற்றின் போக்கில் மின்னாக்கும் நிறுவனத்திற்கும் நீர் தட்டுப்படக்கூடாது. ஏரிக்கரையில் வீடும் விடுதியும் கட்டியிருந்தோரோ, நீர்மட்டம் மிகுந்தால் கரை அரிக்கப்படும், கட்டடம் மூழ்கும் என்று அஞ்சினர். பனி உருகி வருவதற்கு முன்பே மதகைத் திறந்து இடம் ஒதுக்குங்கள் என்றனர் அவர்கள். திறந்துவிட்டபின் பனிநீர் போதிய அளவு வராவிட்டால் எங்கள் பயிருக்கு யார் பொறுப்பு என்றனர் இவர்கள். இரு சாராரின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. எவரிடமும் எண் இல்லை.

டாஹோவின் நீர்மட்டம் ஓர் அடி உயர்வதென்றால், ஏறத்தாழ 15 கோடி கன மீட்டர் நீர் சேர்கிறது என்று பொருள். நமக்குப் பழக்கமான டி.எம்.சி. கணக்கில் அது ஐந்திற்கும் சற்று மிகுதி. ஓர் அடியைத் தவறாகக் கணித்தால் அத்தனை நீரும் வீணாகும், அல்லது அத்தனை நீரும் கரையை முட்டும்.

1910-11ஆம் ஆண்டுக் குளிர்காலத்தையொட்டி, சர்ச் தம் குழாயையும் தராசையும் ஏரிக்கு நீர்தரும் மலைச்சரிவுகளுக்குக் கொண்டுசென்றார். தேர்ந்தெடுத்த தடங்களில், குறித்த இடங்களில் பனியை எடையிட்டார். ஏரி எவ்வளவு உயரும் என்பதைப் பனி உருகுவதற்கு முன்பே அவரால் கூற முடிந்தது. மதகைத் திறக்கும் அளவு அதற்கேற்ப முடிவு செய்யப்படலாயிற்று. இத்தகைய முன்கணிப்புகள் தொடர்ந்து கிடைக்கத் தொடங்கியபின் பூசலின் கடுமை தணிந்தது. உரிமை யாருக்கு என்னும் வழக்கு அதனால் முடிந்துவிடவில்லை. டிரக்கி நீரின் உரிமை பற்றிய வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. ஆனால் எவ்வளவு நீர் வரப்போகிறது என்பதைப் பற்றிய சண்டை ஓய்ந்தது. பங்கு பற்றி வாதாடுவோர், முதலில் மொத்தம் எவ்வளவு என்பதில் ஒத்துப்போக வேண்டுமல்லவா?

சர்ச் கையாண்ட முறைக்கு விழுக்காட்டு முறை என்று பெயர். ஒரு மலைப்பகுதியில் உள்ள பனி முழுவதையும் அளக்க எவராலும் இயலாது. முகட்டில் காற்று அடித்துச்சென்ற இடமும் உண்டு. பள்ளத்தில் வீடளவு குவிந்த இடமும் உண்டு. எனவே அவர் முழுத்தொகையைத் தேடவில்லை. காற்றாலும் வெயிலாலும் மிகுதியாகப் பாதிக்கப்படாத ஒரு தடத்தைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அதே இடங்களில், ஏறத்தாழ அதே நாளில் அளந்தார். பல ஆண்டுகளின் சராசரி கிடைத்ததும் அதை நூறு என்று கொண்டார். இவ்வாண்டு அத்தடத்தின் பனிநீர் சராசரியில் 75 விழுக்காடு என்றால், வேனிலில் ஆற்றில் வரும் நீரும் வழக்கத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடாகவே இருக்கும். கல்வெட்டுகளை அடுக்கிப் பார்த்து வழக்கத்தையும் விலகலையும் கண்டறிந்த ஆய்வாளரின் கண்ணோட்டம் இதில் தெரிகிறது.

இம்முறையின் மற்றொரு வலிமை பின்னர்தான் முழுமையாக விளங்கியது. இவ்வகைக் குழாய்கள் பனியின் எடையை உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் இயல்புடையவை என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டனர். ஒவ்வோராண்டும் ஒரே வகைக் குழாயால், ஒரே தடத்தில் அளந்தால், சராசரியிலும் அதே மிகை இருக்கும். இவ்வாண்டின் அளவிலும் அதே மிகை இருக்கும். விகிதம் பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் நீக்கிவிடுகின்றன. மலை சொல்லாத ஒன்றை மட்டும் இம்முறையால் சொல்ல முடியாது. அளந்து முடித்தபின் பெய்யும் வேனில் மழையோ, எதிர்பாராது வீசும் வறண்ட காற்றோ கணிப்பை மாற்றிவிடும்.

மலையிலிருந்து உலகிற்கு

நெவாடாவில் தொடங்கிய பனியளவை மெல்லப் பரவியது. 1929இல் கலிபோர்னியா மாநிலம் தன் சொந்தப் பனியளவைத் திட்டத்தைத் தொடங்கியது. 1933இல் மேற்கு மாநிலங்களின் பனியளவையாளர்கள் ரீனோவில் கூடினர். அக்கூட்டமே பின்னர் ஆண்டுதோறும் நடைபெறும் மேற்குப் பனி மாநாடாக வளர்ந்தது. அடுத்துவந்த 1934ஆம் ஆண்டின் கடும் வறட்சி, பனியின் எடையை அறியாமல் மேற்கில் உழவு செய்ய இயலாது என்பதை அனைவருக்கும் உணர்த்திற்று. 1935இல் அமெரிக்க நடுவணரசின் வேளாண் துறை இப்பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது. ஒரு பேராசிரியர் விடுமுறை நாள்களில் செய்த வேலை, முப்பது ஆண்டுகளில் ஓர் அரசுத் துறையின் வேலையாயிற்று.

இடையே 1920களின் பிற்பகுதியில், தாம் பயின்ற மிச்சிகன் பல்கலைக்கழகம் கிரீன்லாந்திற்கு அனுப்பிய ஆய்வுக்குழுக்களில் சர்ச் பங்கேற்றார். அறுபதை நெருங்கிய அகவையில் அவர் அங்கு ஒரு குளிர்காலத்தையும் கழித்தார். பன்னாட்டு நீரியல் அமைப்பின்கீழ் உருவான பனி ஆணையத்தின் தலைவராகவும் விளங்கினார். பல நாடுகளில் தனித்தனியே பனியை ஆய்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவ்வாணையம் வழிசெய்தது.

அவ்வாய்வாளர்கள் எல்லாரும் பனியை ஒரே நோக்கில் அணுகவில்லை. சர்ச்சின் நாட்டில் பனி என்றால் வரப்போகும் நீர். சுவிட்சர்லாந்திலோ பனி என்றால் ஊர்களைப் புதைக்கும் பனிச்சரிவு. அங்கு இராபர்ட் ஹேஃபெலி என்னும் பொறியாளர் 1930களில், கூம்பு முனையுடைய ஊடுருவுகோல் ஒன்றை உருவாக்கினார். கோலின் தலையில் ஓர் எடையைக் குறித்த உயரத்திலிருந்து விழச்செய்து, ஒவ்வோர் அடிக்கும் கோல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், ஒவ்வோர் அடுக்கும் காட்டும் எதிர்ப்பு தெரியும். எந்த அடுக்கு வலுவற்றது, எது வழுக்கிச் சரியும் என்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

எதிர்ப்பை அறிந்தால் அடர்த்தியையும் அறிந்துவிடலாமே, பனியை வெட்டி எடுத்து எடையிட வேண்டியதில்லையே என்னும் எண்ணம் இயல்பாக எழும். அது ஓரளவே உண்மை. பொதுவாக, அடர்த்தி மிகுந்தால் எதிர்ப்பும் மிகும். ஆனால் எதிர்ப்பைத் தீர்மானிப்பது பனித்துகள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன என்பதும்கூட. காற்று அடித்து இறுக்கிய உலர்பனி, நீர் ஊறிய வேனில் பனியைவிட அடர்த்தி குறைந்ததாயினும் கோலை வலுவாகத் தடுக்கும். வேனில் பனி கனமானது. ஆயினும் கோல் அதில் எளிதாக இறங்கிவிடும். தரையை ஒட்டி உருவாகும் சர்க்கரை போன்ற பெருந்துகள் பனியும், பிணைப்புக் குறைவால், தன் எடைக்குரிய எதிர்ப்பைக் காட்டுவதில்லை. இதனால் எதிர்ப்பிலிருந்து அடர்த்தியைக் கணிப்போர், துகளின் தன்மையையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த நுண்ணூடுருவி, ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையால் பனியைத் துளைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 250 முறை எதிர்ப்பு விசையைப் பதிவு செய்கிறது. அந்த விசையின் அளவை மட்டுமல்லாது அதன் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து இன்று அடர்த்தியை மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீடு சரியா என்று முடிவு செய்வதற்கு, அருகிலேயே பனியை வெட்டி எடுத்து எடையிட்டுத்தான் பார்க்கின்றனர்.

முதுமையும் இமயமும்

ரீனோவில் சர்ச் பனியறிஞராக மட்டும் வாழவில்லை. கலையின்மீது அவர் கொண்ட பற்று அளவற்றது. ஓவியர்களை ஒன்றிணைத்து, 1931இல் ரீனோவில் ஓர் ஓவியக்கூடம் தோன்றக் காரணமாயிருந்தார்; இன்றைய நெவாடா கலை அருங்காட்சியகத்தின் தொடக்கம் அதுவே. செவ்வியல் மொழியும் கலையும் கற்பித்த ஆசிரியர் என்றே பல மாணவர்கள் அவரை அறிந்திருந்தனர். மலையில் தம்மோடு நடந்த மனைவியை அவர் முதுமை வருமுன்பே இழந்தார். அதன் பின்னும் மலையை விடவில்லை.

1947இல், தம் 78ஆம் அகவையில், சர்ச் இந்தியாவுக்கு வந்தார். இமயத்தின் பனியை அளக்கும் பணியைத் தொடங்குவதற்கு வழிகாட்டுவதே அவ்வருகையின் நோக்கம். சிந்துவும் கங்கையும் பிரமபுத்திராவும் பனிமலையில் தோன்றுபவை. வேனிலில் அவற்றில் வரும் நீரில் பனிநீருக்கும் பங்குண்டு. சியாராவில் ஒருநாள் நடையில் எட்டிய இடங்களுக்கு இணையான இடங்களை இமயத்தில் எட்டுவதற்குப் பல நாள்கள் ஆகும். சாலைகளும் குறைவு. அந்த அகவையில் அவ்வுயரங்களுக்குச் செல்லத் துணிந்தவர், அரை நூற்றாண்டிற்கு முன் ஊரார் தடுத்தும் ரோஸ் மலையில் ஏறிய அதே மனிதர்தான்.

சர்ச் 1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் 90ஆம் அகவையில் ரீனோவில் காலமானார். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கட்டடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய சாம்பலும் அவர் மனைவியின் சாம்பலும் அக்கட்டடத்தின் மூலைக்கல்லில் வைக்கப்பட்டுள்ளன. ரோஸ் மலைத்தொடரில் ஒரு முகடும் சர்ச் முகடு என்று அழைக்கப்படுகிறது.

மேற்கு மலைகளில் இன்று தானியங்கி நிலையங்கள் பல இருக்கின்றன. தரையில் விரித்த தட்டையான மெத்தை போன்ற அமைப்பின்மீது பனி குவிய, அதன் எடை மின்னலையாக நகரங்களுக்குச் செல்கிறது. இருப்பினும் ஒவ்வோராண்டும் ஏப்ரல் தொடக்கத்தில், பனி உச்ச அளவை எட்டியிருக்கும் நேரத்தில், அளவையாளர்கள் பனிநடை மிதியடி அணிந்து பழைய தடங்களுக்குச் செல்கின்றனர். பல்வாய்க் குழாயைத் தரை தொடும்வரை இறக்கி, தராசில் தொங்கவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்திற்கு நடக்கின்றனர்.